அந்நிய ஊரில் அதபு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் இஷாவுக்குப் பின் நம் சங்கத்தில் நடந்த பாடத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பையன்களுக்கு இந்நாட்டு மரியாதைகளைப் பற்றிச் சில விஷயங்கள் சொன்னேன். கேட்டிருந்த பெரியவர்கள் சிலர் அதை எழுதித் தரும்படி வற்புறுத்தினார்கள். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பினாங்கில் துணிக்கடை மேஜைக்குப் பின்னால் நின்று கற்றதுமே என் கைமுதல். மார்க்க விஷயத்தில் பிழை ஏதும் கண்டால் ஆலிம்கள் திருத்துவார்களாக.

முதலில் ஒரு தமாஷ். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் என் கடையில் சேர்ந்து மூன்றாம் நாள். ஒரு சீன மாது வந்து பத்தேக் துணி இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். பையனுக்குப் பின்னால் பத்தேக் அடுக்கு ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அவன் வாயைத் திறக்காமல், நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் அழகாக ஆட்டினான். அந்த அம்மாள் "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். "இருக்கிறதென்றுதானே சொன்னேன் காக்கா?" என்று என்னிடம் கேட்கிறான்! "நீ சொன்னது இராமநாதபுரத்துக்குக் கேட்டிருக்கும் தம்பி, அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை" என்றேன். நம் 'ஆம்' அவர்கள் கண்ணுக்கு 'இல்லை'.

அவன் என்னைக் 'காக்கா' என்று கூப்பிடுவதும் இங்கே ஒரு வேடிக்கைதான். நமக்குக் காக்கா என்றால் அண்ணன். மலாய்க்காரருக்கு அது அக்காள் மாதிரிக் காதில் விழும். தாடி வைத்த ஆளைப் பையன் அக்காள் என்று கூப்பிடுகிறானே என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை சிறு விஷயங்கள். பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன். அது என் குற்றம்.

மனிதருக்கு மனிதர் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டென்று எனக்கு ஒரு வாத்தியார் சிநேகிதர் சொன்னார். எட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1966-ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கணக்கில் ஒன்றரை அடி வரை பெண்டு பிள்ளைகளுக்கும் நெருங்கிய உறவுக்கும் உரிய இடம். ஒன்றரை அடியிலிருந்து நாலடி வரை சிநேகிதருக்கு. நாலடியிலிருந்து பன்னிரண்டடி வரை தொழில் காரியம், அறிமுகமில்லாதவர். அதற்கப்பால் கூட்டத்தில் பேசுகிற தூரம். இது அவர் தம் தேசத்து மக்களைப் பார்த்து எழுதிய அளவு. நமக்கு அப்படியே பொருந்தாது. நம் ஊரில் பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை அடி விட்டு நின்றால் அந்த ஒன்றரை அடியில் இன்னொருவர் வந்து நின்றுகொள்வார்! ஆனாலும் ஒரு உண்மையை அவர் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு ஜனத்துக்கும் தன்னைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலி இருக்கிறது. நம் வேலி உடம்பை ஒட்டி இருக்கிறது. இங்குள்ளவர் வேலி ஒரு முழம் தள்ளி இருக்கிறது. நாம் பிரியத்தோடு நெருங்குகிறோம், அவர் பின்வாங்குகிறார். அவர் பின்வாங்குவதைக் கண்டு, கர்வம் பிடித்தவர் என்று நாம் நினைக்கிறோம்.

2020 மார்ச் 18-ம் தேதி இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகு கடைகள் திறந்தபோது தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் நிற்க வைத்தோம். பள்ளிவாசல்களில் ஸஃப்பிலேயே இடைவெளி விட்டோம். இப்போது கோடுகள் அழிந்துவிட்டன. ஸஃப்பும் அல்ஹம்துலில்லாஹ் பழையபடி தோளோடு தோளாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் கடையில் வரிசை நிற்பவர்களிடம் அந்தத் தூரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பையன்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: தொழுகையில் தோள் உரச நில், பாங்கிலும் தபாலாபீஸிலும் முன்னால் நிற்பவர் முதுகில் உன் மூச்சுப் படவேண்டாம். அளவெடுக்க வாடிக்கைக்காரர் வந்தால் டேப்பை அவர் கையில் கொடு, அவரே பிடித்துக்கொள்ளட்டும். ஒருவர் எழுந்த இடத்தில் உட்காருவதற்காக அவரை எழுப்பாதே, நகர்ந்து இடம் கொடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. சபையில் இடம் விட்டுக் கொடுங்கள் என்ற கட்டளை முஜாதலா சூராவின் 11-ம் ஆயத்தில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கையில் அவர்கள் அனுமதியில்லாமல் நடுவே புகுந்து பிரிப்பதும் ஹதீதில் விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அடுத்தவர் இடத்தை மதிப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விஷயமன்று.

இடம் என்று சொன்னவுடன் நம் வியாபாரிகள் மனம் வருந்தினாலும் சரி, அஞ்சடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைக்கு முன்னே மழை வெயில் படாமல் நடந்து போக விட்ட வழி அது. 1822-ல் ராபிள்ஸ் துரை சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே, ஒவ்வொரு வீட்டின் முன்னும் தெருவை ஒட்டித் தொடர்ச்சியாகத் திறந்த தாழ்வாரம் விடவேண்டும் என்று விதி வைத்தார். பிறகு பினாங்கிலும் இதர பட்டணங்களிலும் அந்த முறை பரவிற்று. தாழ்வாரத்தைக் கண்டதும் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சாமானை வெளியே அடுக்கினார்கள். 1888-ல் சிங்கப்பூர் நகரசபை தாழ்வாரங்களைக் காலி செய்ய முனைந்தபோது கலகமே உண்டாகி, கடைகளைச் சாத்திவிட்டார்கள். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. எந்த ஊர் நகரசபை அதிகாரியைக் கேட்டாலும் சொல்லுவார்.

சகோதரர்களே, நான் என் கடையையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். துணிக் கட்டுகளை அஞ்சடியில் வைத்து, இரும்புக் கம்பியில் சட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு கைவண்டி நாற்காலிக்காரர் தெருவில் இறங்கி மோட்டார்களுக்கு நடுவே போகும்படி செய்திருக்கிறேன். ஒரு நாள் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன சீனக் கிழவி என்னைத் திட்டவில்லை. நின்று கட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போனார். வீதிகளில் உட்காருவதைத் தவிர்க்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, எங்களுக்கு அது தவிர்க்க முடியாததாயிற்றே என்று ஸஹாபிகள் கேட்டார்கள். அப்படியானால் வீதிக்கு அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். என்ன ஹக்கு? பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை கொடாதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீதை ஒவ்வொரு கடைக்காரரும் கல்லாவில் எழுதி ஒட்டலாம். பார்வையைத் தாழ்த்துவதை முதலில் வைத்ததைக் கவனியுங்கள். அஞ்சடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களை, விசேஷமாகப் பெண்களை, தலை முதல் கால் வரை அளக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. துணியை அளந்தால் காசு வரும். இதனால் என்ன வரும்?

கை விஷயத்துக்கு வருகிறேன். வலக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் நமக்கு ஸுன்னத்து. மலாய்க்காரருக்கு அது மார்க்கமும் குடும்ப மானமும் சேர்ந்தது. பெரியவர்களுக்குக் கொடுக்கையில் வலக்கையை நீட்டி இடக்கையால் மணிக்கட்டையோ முழங்கையையோ தாங்கிக்கொள்வார்கள். சீனர் பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையாலும் கொடுப்பார்கள். அங்பாவ், தேநீர்க் கோப்பை, பெயர் அட்டை எல்லாமே இரண்டு கைதான். இரு கையால் வாங்கிய பெயர் அட்டையைப் படிக்காமல் பின் பாக்கெட்டில் செருகி அதன்மேல் உட்காருகிறவர் நம்மில் உண்டு. அது அவர் முகத்தின்மேல் உட்காருவதற்குச் சமம். சில்லறையை மேஜையில் எறிவதை எந்த ஜாதியாரும் ரசிக்க மாட்டார்கள். நான் ஒரு சிறிய தட்டு வைத்திருக்கிறேன். பணமும் பாக்கியும் அந்தத் தட்டில்தான். பெண் வாடிக்கைக்காரர் விரல் நம் விரலில் படாது, யாருக்கும் சங்கடமில்லை.

ஆட்காட்டி விரலால் மனிதரையோ பொருளையோ சுட்டுவது மலாய்க்காரருக்கு முரட்டுத்தனம். வலக்கை விரல்களை மடக்கிப் பெருவிரலை மேலே வைத்துக் காட்டுவார்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னால் கடந்து போக நேர்ந்தால் உடம்பைத் தாழ்த்தி, வலக்கையைக் கீழ்நோக்கி நீட்டி, 'தும்பாங் லாலு' என்று சொல்லிப் போவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜும்ஆ நாளில் பிறர் கழுத்துகளைத் தாண்டித் தாண்டி முன்னே வந்தவரை, உட்காரும், ஜனங்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நினைவுக்கு வரும். நம் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பிந்தி வந்து முந்தி உட்கார நினைப்பவர்களை நான் பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர்களுக்கே தெரியும்.

முஸாபஹா விஷயத்தில் நம்மவர் பிடி கொஞ்சம் அழுத்தம். மலாய்க்காரர் இரு கைகளாலும் மெல்லத் தொட்டு, வலக்கையைத் தம் நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். அந்த மெல்லிய தொடுதலைக் கண்டு பிரியமில்லை என்று நினைக்கக்கூடாது. பெண்கள் கை நீட்டினால் என்ன செய்வது என்று பையன்கள் கேட்டார்கள். கையை நெஞ்சில் வைத்து, சற்றுக் குனிந்து, சிரித்த முகமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீனப் பெண்களுக்கும் இப்போது இது தெரிந்த விஷயம்தான். முகத்தைக் கடுத்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தொடக்கூடாது என்பது மார்க்கம். கடுகடுப்பு மார்க்கத்தில் இல்லை.

பிள்ளைகளின் தலையைத் தடவுவதும் கன்னத்தைக் கிள்ளுவதும் நமக்கு அன்பு. மலாய் மரபில் தலை கண்ணியமான இடம். அந்நியர் கை வைப்பதை விரும்பமாட்டார்கள். இந்தக் காலத்தில் எந்தத் தாயும் அந்நியர் தன் பிள்ளையைத் தொடுவதை விரும்புவதில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரியுங்கள், ஒரு மிட்டாய் கொடுப்பதானாலும் முதலில் தாயைக் கேட்டுக் கொடுங்கள். அதே மாதிரிதான் கேள்விகளும். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, ஏன் இன்னும் பிள்ளையில்லை என்று நம் ஊர் ரயிலில் கேட்டால் உறவு வளரும். இங்கே வாடிக்கைக்காரரிடம் கேட்டால் வாடிக்கை போகும். சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள். மலாய்க்காரரும் கேட்கிறார்கள், சீனரும் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம். மூன்று ஜாதியாரும் ஒத்துப்போகிற கேள்வி அது ஒன்றுதான்!

மலாய் பேசக் கற்கும்போது யாரிடம் கற்கிறோம் என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். பையன்கள் சக சிப்பந்திகளிடம் 'அக்கு', 'காவ்' என்ற பேச்சைக் கற்றுக்கொண்டு, அதையே அறுபது வயது ஹாஜியாரிடமும் பேசுகிறார்கள். அது நம்மில் பெரியவரை 'டேய்' என்பது போல. 'சாயா' என்று தன்னைச் சொல்லி, வந்தவரை 'பாக் சிக்', 'மாக் சிக்', 'என்சிக்', 'புவான்' என்று வயதுக்கும் தரத்துக்கும் தக்கபடி அழைக்க ஒரு வாரத்தில் கற்கலாம். 1970 ஆகஸ்ட் 31-ல் இந்நாட்டில் பிரகடனம் செய்த ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளில் ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். முந்திய வருஷம் மே 13-ல் இரத்தம் சிந்திய பிறகு எழுதிய கோட்பாடு அது. சும்மா அழகுக்காக எழுதியதன்று.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம். மலாய் ஆசிரியை ஒருவர், பல வருஷ வாடிக்கை, பாஜு கூரோங் துணி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு. ஒரு துணியை மேலே போட்டுப் பார்த்து, நாலு மீட்டர் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது பையன் என்னிடம் தமிழில், "காக்கா, வயிறு கூவுது, சோறு எடுத்து வரட்டுமா?" என்றான். நான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "நேற்றும் இதே மணிக்குத்தான் கூவிற்று, உன் வயிற்றைச் சுவரில் மாட்டினால் கடிகாரமே வேண்டாம்" என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். கடிகாரம் அந்த அம்மாளின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. அவர் துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, நாளை வருகிறேன் என்று போனார். வரவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

பிறகு வந்த ரமலானில் ஒரு நாள் தராவீஹுக்குப் பின், அவர் சகோதரர், என்னோடு ஸஃப்பில் நிற்கிறவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: தன் அக்காளை என் கடையில் உடம்பைப் பார்த்து நானும் வேலைக்காரப் பையனும் தமிழில் பேசிச் சிரித்தோமாம். எனக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. அல்லாஹ்மீது ஆணையாக அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையே! வீட்டுக்கு வந்து இரவெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாம் நம் பாஷையில் பேசுகிறோம், அவர் தப்பாக எடுத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது?

மறுநாள் எங்கள் இமாமிடம் இதைச் சொன்னேன். அவர் நியாயம் பேசாமல் ஒரு கிதாபை எடுத்தார். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ரியாளுஸ் ஸாலிஹீன். மூன்று பேர் இருக்கையில் ஒருவரை விட்டுவிட்டு இரண்டு பேர் இரகசியம் பேசக்கூடாது, அது அந்த மூன்றாமவரைத் துக்கப்படுத்தும் என்ற ஹதீது நம் எல்லோருக்கும் தெரியும். நான் அறியாதது, அந்தப் பாடத்துக்கு இமாம் அவர்கள் கொடுத்திருக்கும் தலைப்பு. மூன்றாமவருக்குப் புரியாத பாஷையில் இரண்டு பேர் பேசுவதும் இதே கருத்தில் அடங்கும் என்று அந்தத் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இமாம் அவர்கள் வபாத்தானது ஹிஜ்ரி 676-ல், அதாவது 1277-ல். டமாஸ்கஸ் பக்கத்தில் இருந்துகொண்டு பினாங்குத் துணிக்கடையில் நடக்கப்போவதை எழுதி வைத்தது போல் எனக்குத் தோன்றிற்று.

ஹதீது சொல்லும் காரணத்தைப் பாருங்கள். இரண்டு பேரும் கெட்டது பேசினால் கூடாது என்று சொல்லவில்லை. மூன்றாமவர் துக்கப்படுவார் என்பதே காரணம். நாம் சோற்றைப் பற்றிப் பேசினோமா, கடிகாரத்தைப் பற்றிப் பேசினோமா என்பது இங்கே கேள்வியே இல்லை. தனியே விடப்பட்டவர் மனம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அதிலும் வாங்க வந்தவர் தனி ஆள், விற்கிற நாம் இரண்டு மூன்று பேர், உரத்த குரல் வேறு. நாம் சாதாரணமாகப் பேசுவதே சண்டை மாதிரி இருக்கிறதென்று மலாய்ச் சிநேகிதர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன புத்தி லுக்மான் சூராவின் 19-ம் ஆயத்தில் இருக்கிறது. அதைக் கிராஅத்தாக உரத்த குரலில் ஓதுகிறோம்!

நம் சகோதரர்கள் சிலர் இதை ஒப்பமாட்டார்கள். தமிழ் நம் தாய்மொழி, நம் கடையில் பேசாமல் எங்கே பேசுவது என்பார்கள். பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தலைப்பிலேயே அனுமதி பெற்றால் ஆகும், தேவையிருந்தால் ஆகும் என்று விலக்கும் இருக்கிறது. விலை விசாரிக்க, சாமான் எடுக்கத் தமிழில் பேசவேண்டி வந்தால், வாடிக்கைக்காரரிடம், 'மாஃப், பையனுக்கு மலாய் இன்னும் வரவில்லை, உங்கள் துணியைத்தான் எடுக்கச் சொல்லுகிறேன்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சிரிப்பதானால் அவருக்கும் சொல்லிச் சிரிக்கலாம். சொல்ல முடியாத சிரிப்பென்றால் சிரிக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கப் போன கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஷவ்வாலில் ஒரு நாள் அஸருக்குப் பின் தனியே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே டெலிவிஷன் சத்தம் கேட்டது. கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று மூன்று முறை ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாமா என்று ஷைத்தான் சொன்னான். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்கள் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டுப் பதில் வராமல் திரும்பிப் போன சம்பவத்தை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். ஏன் திரும்பினீர் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டு, இது நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளை என்றதும் சாட்சி கேட்டார்கள். அபூ ஸயீத் (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அப்போது உமர் (ரலி) அவர்கள், கடைத்தெரு வியாபாரம் இதைக் கேட்கவிடாமல் என்னைத் திருப்பிவிட்டதே என்று வருந்தினார்கள். வியாபாரிகளாகிய நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். உமர் (ரலி) அவர்களையே கடைத்தெரு திருப்பியதென்றால் நாம் எம்மாத்திரம்?

திரும்பி வந்துவிட்டேன். திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குப் பரிசுத்தம் என்று அந்நூர் சூராவின் 28-ம் ஆயத்து சொல்லுகிறது. பிறகுதான் தெரிந்தது, கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம், ஆகவே அவர் திறக்கவில்லை. அவர் செய்ததே சரி. நான்தான் முன்கூட்டி டெலிபோனில் கேட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். (டெலிபோனுக்கும் இதே மூன்று முறைக் கணக்கு போதும் என்பது என் அபிப்பிராயம். பாக்கி வசூலுக்காகப் பதினேழு தடவை அடிக்கிற நம் சகோதரர்கள் யோசிப்பார்களாக.)

அடுத்த வாரம் சொல்லிவிட்டு இருவருமாய்ப் போனோம். செருப்பைப் படியில் விட்டு ஏறினோம். பாயில் ஆண்கள் சம்மணம் போட்டும் பெண்கள் காலை ஒரு பக்கம் மடக்கியும் உட்கார்ந்தோம். பலகாரம் வந்தது. நான் மனம் பதைத்ததில் கோப்பையைத் தொடாமலே விஷயத்தை ஆரம்பித்துவிட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மலாய் வீட்டில் வைத்ததைக் கொஞ்சமாவது வாயில் வைக்கவேண்டும். முடியாவிட்டால் தட்டையாவது விரலால் தொட்டுவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் எழுந்தால் வைத்தவருக்கு மனத்தாங்கல். காரியத்தையும் முகத்தில் அடித்தாற்போல் ஆரம்பிக்க மாட்டார்கள்; பிள்ளைகள், மழை, துரியான் விலை எல்லாம் பேசிவிட்டு மெல்ல வருவார்கள். எனக்கு அன்று அந்தப் பொறுமை இல்லை.

"அன்று என்ன பேசினீர்கள்?" என்று அவரே கேட்டார். கடிகாரத்தையும் பையன் வயிற்றையும் சொன்னேன். கணவர் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. "நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றேன். அந்தத் துணி நிறத்தைப் பிறகு உடுத்தவே இல்லை" என்றார். சற்றுக் கழித்து, "தாக் அபா, மாஃப் ஸாஹிர் பாத்தின்" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து மன்னிப்பு என்பது அந்த வார்த்தையின் பொருள்; பெருநாள் அட்டைகளில் அச்சடித்து நாமும் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறோம்.

அவர் இன்றுவரை என் கடைக்குத் திரும்பி வரவில்லை. அவர் கணவர் வருகிறார். சட்டைத் துணி எடுத்தார். கடிகாரத்தை நான் கல்லாவுக்குப் பின்பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன். அஞ்சடியில் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டேன். துணிக் கட்டுகளில் பாதி உள்ளே போய்விட்டன, மீதியும் போகவேண்டும்.

அடுத்த பாடம் இன்ஷா அல்லாஹ் வரும் மாதம் முதல் சனிக்கிழமை இஷாவுக்குப் பின் சங்கக் கட்டிடத்தில். சீனப் புத்தாண்டுக்கு வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச எண்ணம். கமலா ஆரஞ்சு எத்தனை கொண்டு போவது, கடிகாரத்தை ஏன் அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, சாப்பிட முடியாததை மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று பையன்கள் கேட்டிருக்கிறார்கள். முதலாளிமார்கள் கடையைப் பத்து நிமிஷம் முன்னதாகச் சாத்தி அவர்களை அனுப்பிவைக்கவேண்டும். தாங்களும் வரலாம்.

வஸ்ஸலாம்.